இங்கே சிரித்தேன்

"அண்ணி, கையில இருக்கறதையும் குடுத்துடுங்க. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பதுல வந்து நிக்குது."

கொழுந்தனார் கையை நீட்டியபடி நின்றார். அவருக்குப் பின்னால் கூடத்து அலமாரிகள் மூன்றும் பல் பிடுங்கிய வாய்போலத் திறந்து கிடந்தன. வாசலில் கல்லூரியின் சரக்கு வண்டி உறுமிக்கொண்டிருந்தது. அவள் படித்துக்கொண்டிருந்த பக்கத்தில் விரலை விட்டு, புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"யாரைக் கேக்கணும்? எங்க அண்ணன் புத்தகம்தானே?"

அடுக்களையிலிருந்து ஓரகத்தி எட்டிப் பார்த்தாள். "ஒரு நாள் இரவல்தானேக்கா? நாளைக்குச் சாயங்காலம் திரும்பி வந்துடப் போகுது. அதுவரைக்கும் நானும் அலமாரியைத் துடைச்சு வெச்சுக்குவேன்."

அந்த அண்ணன், அவளுடைய கணவர், அந்தக் கல்லூரியில் இருபத்திரண்டு வருஷம் நூலகராக இருந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், புத்தகங்களைத் திருப்பித் தராதவர்களின் பட்டியலை எழுதிக்கொண்டிருக்கும்போதே மேஜைமேல் சாய்ந்துவிட்டார். பட்டியலில் கடைசியாக எழுதியிருந்தது கல்லூரித் தாளாளரின் பெயர். எடுத்த புத்தகம், 'நேர்மையாக வாழ்வது எப்படி'.

அவர் போன மாதமே தாளாளர் அவளைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார். நூலகர் வேலையல்ல, நூலக உதவியாளர் வேலை. "நூலகருக்குப் பட்டம் வேணும்மா. நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன பதில் சொல்றது?" என்றார். யாரும் கேட்கவில்லை. உதவி செய்ய அங்கே நூலகரும் இல்லை. அட்டை ஒட்டுவது, பதிவேடு எழுதுவது, தைப்பது, தேடி எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவள்தான். பிள்ளைகள் அவளை லைப்ரரியம்மா என்றார்கள். சம்பளப் பட்டியலில் அவள் பெயர் தோட்டக்காரருக்குக் கீழே இருந்தது.

வீட்டில் இருந்த அறுநூற்று நாற்பது புத்தகங்களுக்கும் கணவர் ஒன்றிலிருந்து வரிசையாக எண் ஒட்டியிருந்தார். ஓரங்களில் பென்சிலால் எழுதுவது அவர் பழக்கம். 'இவன் பொய் சொல்கிறான்.' 'இங்கே சிரித்தேன்', பக்கத்திலேயே தேதி. சில இடங்களில், 'இதை அவளிடம் சொல்ல வேண்டும்.' சிலவற்றைச் சொல்லியிருந்தார். பலவற்றை மறந்திருந்தார். அவர் போன பிறகு அவள் எண் வரிசைப்படி படிக்கத் தொடங்கினாள். இப்போது இருநூற்றுப் பதினைந்தில் இருந்தாள். அவர் சொல்ல மறந்தவை இன்னும் நானூற்றுச் சொச்சம் புத்தகங்களில் பாக்கி இருந்தன.

"குடுங்க அண்ணி, வண்டிக்காரன் கத்துறான்."

அவள் உள்ளே போனாள். வாஷிங் மெஷின் வாங்கியபோது கூட வந்த கையேடு அடுக்களை இழுப்பறையில் கிடந்தது. தடியான புத்தகம், பழுப்பு அட்டை போட்டது. அதைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். அவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"ரெண்டாயிரம்!" என்று வண்டிக்காரரிடம் கத்தினார்.

அந்த எண்ணிக்கைக்குக் காரணம் அகில உலக உயர்கல்வித் தரப் பேரவை. அதன் கடிதம் ஒரு மாதத்துக்கு முன் வந்திருந்தது. நல்ல தடித்த தாள், தங்க நிற முத்திரை, முத்திரைக்குள் உலக உருண்டை, உருண்டைமேல் ஒரு பறவை. கட்டணம் கட்டிய கல்லூரிகளை நேரில் பார்த்துத் தரச்சான்று கொடுப்பார்களாம். நூலகத்தில் இரண்டாயிரம் புத்தகம் இருக்க வேண்டுமாம். கல்லூரியில் இருந்தது ஆயிரத்து முந்நூற்று அறுபது. அதிலும் ஒன்பது பழைய டெலிபோன் டைரக்டரிகள். தாளாளர் குழாய்க்கடை வைத்திருக்கும் கொழுந்தனாரைப் பிடித்தார். புத்தகம் தந்தால் பேரவையிடம் சொல்லி அவருக்கு ஒரு கௌரவ டாக்டர் பட்டம் வாங்கித் தருவதாகப் பேச்சு. கொழுந்தனார் அன்றே பெயர்ப்பலகைக்கு அளவு கொடுத்துவிட்டார்.

மறுநாள் ஆய்வு. காலை எட்டு மணிக்கே கல்லூரி அல்லோலகல்லோலப்பட்டது. தரைத் தொட்டியின் மூடியை எடுத்துவிட்டு 'நீச்சல் குளம்' என்று எழுதி வைத்தார்கள். மொட்டைமாடிக்கு ஓர் ஏணியைத் தூக்கிப் போய் நிறுத்தி 'வானாய்வுக் கூடம்' என்று எழுதினார்கள். பேராசிரியர்கள் எண்ணிக்கை போதாமல் ஓட்டுநர், காவலாளி, கேன்டீன்காரர் மூவரையும் சேர்த்தார்கள். கோட்டு ஒன்றுதான் இருந்தது. ஆய்வுக் குழு ஓர் அறையைவிட்டு வெளியேறியதும் கோட்டைக் கழற்றி ஜன்னல் வழியாக அடுத்த அறைக்குத் தள்ள வேண்டும் என்று ஏற்பாடு.

நூலகத்தில் புத்தகம் அடுக்க ஒத்தாசைக்கு வந்தவள் ஒரு கடைசி வருஷப் பெண். வாரம் தவறாமல் இரண்டு புத்தகம் எடுப்பவள். இடது பக்கம் சாய்ந்த அவள் கையெழுத்துதான் கடன் பதிவேட்டில் பாதி இடத்தை அடைத்திருக்கும்.

"லைப்ரரியம்மா, இந்தப் பேரவைன்னு ஒண்ணு நிஜமாவே இருக்கா?"

"லெட்டர் வந்திருக்கேம்மா."

"லெட்டர் எங்க மாமா பையனுக்கும்தான் வந்துச்சு, கோடி பரிசு விழுந்திருக்குன்னு. இன்னும் தபால்காரரைப் பாத்தா எழுந்து நிக்கறான்."

இருவரும் சிரித்தார்கள். ஆனால் அந்தப் பெண் சிரிப்பை முழுசாக முடிக்கவில்லை. "இதெல்லாம் சரியா இருந்தாத்தானே எங்க பட்டத்துக்கு மதிப்பு?" என்றாள்.

பதினொரு மணிக்குக் குழு வந்தது. மூன்று பேர். முன்னால் தலைவர், எதைப் பார்த்தாலும் "உம்" என்பவர். நடுவில் ஒரு பெரியவர், நாற்காலி கண்ட இடமெல்லாம் உட்கார்ந்து கண்ணயர்ந்தார். மூன்றாமவர் நூலகத்துக்குள் நுழைந்ததும் புத்தகங்களைப் பார்க்கவே இல்லை. நேராக ஜன்னலுக்குப் போனார். சட்டத்தில் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துச் சாண் போட்டு, "ஆறுக்கு நாலு" என்று முணுமுணுத்தார்.

அந்தச் சாணை அவள் எங்கேயோ பார்த்திருந்தாள். போன மாதம் வீட்டு ஜன்னல்களுக்குக் கொசுவலை அடித்துவிட்டுப் போன ஆள்! புத்தகம் எடுப்பவள்போல அருகே போனாள்.

"எங்க வீட்டுப் பின்பக்க ஜன்னல்ல ஒரு மூலை பிரிஞ்சு தொங்குது."

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். கோட்டுக்குள் கழுத்து ஒருமுறை உள்ளே போய் வந்தது. "ஷ்ஷ்... ஞாயித்துக்கிழமை வரேம்மா. சத்தம் போடாதீங்க."

இதற்குள் தலைவர் ஒரு புத்தகத்தை உருவி எடுத்திருந்தார். பழுப்பு அட்டை. சில பக்கங்களைப் புரட்டி, "இயந்திரவியல்! உம். ஆழமான நூல்" என்றார். அதைத் திருப்பி வைத்துவிட்டு, கணவருடைய புத்தகம் ஒன்றை எடுத்தவர் முகம் சுளித்தார். "யாரோ பென்சில்ல கிறுக்கியிருக்காங்களே?" பெரியவர் விழித்துக்கொண்டு அதையும் குறித்துக்கொண்டார்.

ஒரு வாரத்தில் சான்றிதழ் வந்தது. முதல் தரத்துக்கும் மேலே மூன்று கூட்டல் குறி. கூடவே அறிக்கை. நீச்சல் குளம் நன்று. வானாய்வுக் கூடம் மிக நன்று. பேராசிரியர்களின் சீரான உடை பாராட்டத்தக்கது. குறை என்று பேரவை கண்டது ஒன்றே ஒன்றுதான்: நூலகப் புத்தகங்களில் பென்சில் கிறுக்கல்கள்.

கொழுந்தனாருக்கும் பட்டம் வந்தது. வாசலில் 'டாக்டர்' என்று பலகை ஏறியது. மறுநாளே அடுத்த தெருவிலிருந்து ஒருத்தி அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"காது வலிங்க டாக்டர்."

"நான் அந்த டாக்டர் இல்லம்மா."

"அப்ப எந்த டாக்டர்?"

அவர் பலகையை அண்ணாந்து பார்த்தார். "குழாய்க்கு" என்றார்.

புத்தகங்கள்தான் வரவில்லை. மறுநாள் சாயங்காலம் போய், அடுத்த வாரமும் போயிற்று. வெள்ளிக்கிழமை அவள் தாளாளர் அறைக்குப் போனாள். அங்கே போவதற்கு முன்பே நூலகத்தில் அந்தப் புத்தகங்களைக் கண்ணாடி அலமாரிகளில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துப் போயிருந்தார்கள். பார்க்கலாம், தொட முடியாது.

"ஐயா, எங்க வீட்டுப் புத்தகம்..."

"உங்க வீட்டுப் புத்தகமா? பேரவை அறிக்கையைப் படிக்கலையா? ரெண்டாயிரம் புத்தகம், கல்லூரி உடைமை. அங்கீகாரம் வாங்கின எண்ணிக்கைம்மா அது. ஒண்ணு குறைஞ்சாலும் ஒரு கூட்டல் குறி போயிடும்."

"நீச்சல் குளமும் அறிக்கையில இருக்குங்களே. அதுல யாராவது நீந்தினாங்களா?"

தாளாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, உங்க தகுதி என்ன? ஒரு பட்டம் உண்டா, ஒரு சான்றிதழ் உண்டா? உலகப் பேரவை சொன்னதை நீங்க கேள்வி கேக்கறீங்க. பாவம், அவர் சம்சாரமாச்சேன்னு வேலை போட்டுக் குடுத்தேன். திங்கக்கிழமை ரெண்டு பேரை ரப்பரோட உக்கார வைக்கப் போறேன். அந்தக் கிறுக்கல் எல்லாத்தையும் ஒண்ணு விடாம அழிக்கணும். நீங்கதான் கிட்ட இருந்து பாத்துக்கணும்."

புத்தகம் போனால் கடையில் வேறு வாங்கிவிடலாம். அந்தப் பென்சில் எழுத்தை எந்தக் கடையில் வாங்குவது?

வீட்டுக்கு வந்து சொன்னாள். கொழுந்தனார் பலகையைத் துணியால் துடைத்துக்கொண்டே, "குடும்பத்துக்கே பெருமை அண்ணி. நீங்க எதையும் கெடுத்துடாதீங்க" என்றார். புருஷன் போனவளுக்கு அவன் துணிமணியில் பாத்தியதை உண்டு, பாத்திரத்தில் உண்டு. அவன் படித்ததில் மட்டும் கிடையாது போலிருக்கிறது.

ஆனால் சனிக்கிழமை ஓரகத்தியின் வாஷிங் மெஷின் பாதியில் நின்றது. கதவு பூட்டிக்கொண்டது. உள்ளே தண்ணீரில் அவளுடைய நல்ல துணிகள் அத்தனையும். மேலே சிவப்பு விளக்கு மூன்று தரம் மின்னிவிட்டு நிற்கும், மறுபடி மூன்று தரம் மின்னும்.

"மூணு தரம் மின்னினா என்னன்னு அந்தக் கையேட்டுல இருக்கும். எங்கக்கா அது?"

"கல்லூரி நூலகத்துல இருக்கு. ரெண்டாயிரமாவது புத்தகம். பூட்டி வெச்சிருக்காங்க."

ஓரகத்தி கணவரைத் தாளாளருக்கு போன் செய்ய வைத்தாள். 'அங்கீகாரம் கெட்டுவிடும்' என்று தாளாளர் மறுத்துவிட்டார்.

"இவ்வளவு பெரிய டாக்டராச்சே," என்றாள் ஓரகத்தி கணவரிடம், இடுப்பில் கை வைத்து. "பட்டத்தை மெஷின் முன்னால நீட்டுங்க. அது பயந்துபோய்க் கதவைத் திறக்குதா பாப்போம்." பிறகு அவள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, அன்னைக்கு நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை சொன்ன நேரத்துக்குக் கொசுவலைக்காரர் வந்தார். கோட்டு இல்லாமல் அவர் இயல்பாக இருந்தார். பின்பக்க ஜன்னலில் வலையை இழுத்து அடித்துக்கொண்டே, அவள் நடந்ததைச் சொல்லக் கேட்டுவிட்டுப் பேசினார்.

"என் கடை மாடியில ஒரு ரூம்மா. அதுதான் பேரவை. தலைவர்தான் என் கடைக்குச் சொந்தக்காரர். வாடகையில கொஞ்சம் தள்ளித் தரேன், வாய்யான்னார். எங்கிட்ட கோட்டு இருந்துச்சு, போனேன்."

"பேரவைக்கு யாரு அங்கீகாரம் குடுத்தது?"

"உலகப் பேரவைகளின் சம்மேளனம்."

"அது எங்க இருக்கு?"

"அதே ரூம்தான். வெளியில ஒரே போர்டு, ரெண்டு பக்கமும் எழுதியிருக்கும். மத்தியானத்துக்கு மேல அந்தப் போர்டைத் திருப்பி மாட்டுவோம்." அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். "சிரிப்பா சிரிக்குது பொழப்பு. உங்க வீட்டுக்காரர் புத்தகம்னு எனக்குத் தெரியாதும்மா. நான் ஏதாவது செய்யட்டுமா? நானும் ஒரு உறுப்பினர்தானே."

பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தார். தங்க முத்திரை, உலக உருண்டை, பறவை. தாள்களின் பின்பக்கம் முழுக்க ஜன்னல் அளவுகள்.

அவள் தயங்கினாள். "பொய் எழுதக் கூடாது. அவருக்குப் பிடிக்காது."

"நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன். பொய் வந்தா நிறுத்திக்கலாம்."

அவள் உள்ளே போய்க் கணவருடைய பழைய பதிவேட்டை எடுத்துவந்தாள். முதல் பக்கத்தில் அவர் எழுதி வைத்திருந்ததைப் படித்தாள். கொசுவலைக்காரர் நாக்கைத் துருத்திக்கொண்டு, பின்பக்கம் காலியாக இருந்த ஒரே தாளில் எழுதினார்:

'நூலகத்தின் தரம் அலமாரியில் உள்ள புத்தகங்களால் அளக்கப்படுவதில்லை. படிப்பவர் கையில் உள்ள புத்தகங்களால் அளக்கப்படும். ஓரக் குறிப்புகள் ஒரு புத்தகம் படிக்கப்பட்டதற்குச் சாட்சி. அவற்றை அழிக்கலாகாது.'

கீழே கையெழுத்துப் போட்டார்.

"இது செல்லுமா?" என்றாள்.

"அவங்களுக்குக் குடுத்த சர்டிபிகேட் எவ்வளவு செல்லுமோ, அவ்வளவு செல்லும்."

திங்கட்கிழமை காலை ரப்பர்கள் மேஜைக்கு வந்துவிட்டன. இரண்டு பேர் சட்டைக் கையை மடித்து உட்கார்ந்திருந்தார்கள். தாளாளர் கண்ணாடி அலமாரியைத் திறந்து முதல் புத்தகத்தை எடுக்கும் நேரத்தில் கொசுவலைக்காரர் கோட்டோடு உள்ளே நுழைந்து கடிதத்தை நீட்டினார். தாளாளர் படித்தார். மறுபடி படித்தார். அவர் பார்வை அலமாரி அலமாரியாகப் போயிற்று. ஒவ்வொன்றும் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"ஐயோ, எல்லாம் இங்கேயே இருக்கே! இப்படியா அடைச்சு வெப்பாங்க? மறு ஆய்வு எப்ப சார்?"

"சொல்லாம வருவோம்" என்றார் கொசுவலைக்காரர், ஜன்னலைப் பார்த்தபடி.

"அம்மா, எல்லாத்தையும் யாருக்காவது தூக்கிக் குடுங்க! இன்னைக்கே!"

"ஒரு ஆளுக்கு ரெண்டு புத்தகம்தான்னு விதி இருக்குங்களே ஐயா."

"விதியைத் தூக்கி ஓரமா வைங்க!"

"அப்படியே எழுதிக் குடுத்துடுங்க. எனக்குப் பட்டம் இல்ல பாருங்க. நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

எழுதிக் கொடுத்தார். அவள் உட்கார்ந்து கடன் பதிவேட்டில் அறுநூற்று முப்பத்தொன்பது புத்தகங்களையும் தன் பெயரில் எழுதினாள். எழுதி முடிக்க ஒன்றரை நாள் ஆயிற்று. திருப்பித் தர வேண்டிய தேதி என்ற கட்டத்தில் கோடு இழுத்தாள். பிள்ளைகள் மற்ற புத்தகங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். காவலாளி ஒரு டெலிபோன் டைரக்டரி எடுத்தார். தனக்குத் தெரிந்தவர்கள் யாராவது அதில் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டுமாம்.

அதே சரக்கு வண்டி, அதே பெட்டிகள், அதே கொழுந்தனார். இந்தத் தடவை பெட்டிகளை உள்ளே சுமந்தார். ஓரகத்தி கையேட்டை முதல் ஆளாகப் பிடுங்கிக்கொண்டாள். அதைத் தன் பெயரில் கடன் வாங்கி வந்தவர் ஓட்டுநர். அவர் அப்போதும் கோட்டில்தான் இருந்தார். மூன்று தரம் மின்னினால் வடிகுழாய் அடைப்பு என்று அதில் போட்டிருந்தது. "அட, குழாய்க்கு டாக்டர் வீட்டுலயே இருக்காரே!" என்றாள். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் குனிந்த டாக்டர் அரை மணி நேரம் நிமிரவில்லை.

அன்று மாலை அவள் இருநூற்றுப் பதினாறாவது புத்தகத்தைத் திறந்தாள். நாற்பதாவது பக்கத்தில் ஓரமாக எழுதியிருந்தது: 'இதை அவளிடம் சொல்ல வேண்டும்.' படித்துவிட்டு, "சரி, சொல்லியாச்சு" என்றாள்.

அந்த வாரக் கடைசியில் தாளாளர் சான்றிதழுக்குச் சட்டம் போட்டு நூலகத்துக்கு அனுப்பினார். வருகிற பெற்றோர் கண்ணில் படும் இடத்தில் வைக்கச் சொன்னார். நூலகத்துக்குள் வரும் எந்தத் தாளையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்பது கணவர் போட்டுவைத்த ஒழுங்கு. ஏற்றினாள். எண் இரண்டாயிரத்து ஒன்று. தலைப்பு, தரச்சான்று. ஆசிரியர், அகில உலக உயர்கல்வித் தரப் பேரவை. பிரிவு என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா சற்று நின்றது. பிறகு, 'கதை' என்று எழுதினாள். கதைப் புத்தகங்கள் எல்லாம் கடனில் போயிருந்ததால் அந்த அலமாரியில் அது மட்டும் தனியாக, கம்பீரமாக நின்றது. கண்ணாடி போடாத சட்டம். சான்றிதழின் அடியில் அகலமாக விட்டிருந்த வெள்ளை விளிம்பில் பென்சிலால் சின்னதாக எழுதினாள்: 'இங்கே சிரித்தேன்.' பக்கத்தில் தேதி.

சேர்க்கை மாதம் வந்தது. அங்கீகாரம் உண்டா என்று கேட்பவர்களை அலுவலகம் நூலகத்துக்கு அனுப்பும். ஒரு தகப்பனார் மகளோடு வந்தார்.

"சர்டிபிகேட் பாக்கணுங்களே."

"கதை அலமாரி. மூணாவது தட்டு."

"கதை அலமாரியிலயா? இடம் மாறி வெச்சுட்டீங்களோ?"

"இல்லீங்க. சரியா பாத்துத்தான் வெச்சேன்."

அவர் போய் நின்றார். சான்றிதழைப் படித்தார். தட்டில் ஒட்டியிருந்த பிரிவைப் படித்தார். குனிந்து பென்சில் எழுத்தைப் படித்தார். மகளுடைய விண்ணப்பத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வாசலில் எதிர்ப்பட்ட தாளாளர், "பாத்தீங்களா, திருப்தியா?" என்று கேட்டதற்கு, "ரொம்பத் திருப்திங்க, சந்தேகமே இல்ல" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். போகும் முன் அவர் என்னவோ எழுதியது அவள் கண்ணில் பட்டது. அப்புறம் போய்ப் பார்த்தாள். அவள் வரிக்குக் கீழே, 'நானும்.'

புத்தகத்தில் எழுதினால் பிள்ளைகளைக் கடிந்துகொள்பவள் அவள். ஒரு பென்சிலைச் சீவிச் சட்டத்தின் பக்கத்தில் வைத்தாள்.

சேர்க்கை முடிவதற்குள் 'நானும்' பத்துக்கு மேல் சேர்ந்துவிட்டது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, ஒன்று கேன்டீன்காரருடையது, ஒன்று கொசுவலைக்காரருடையது. தாளாளர் அதைத் தூரத்திலிருந்து பார்த்து, பெற்றோர்கள் பாராட்டி எழுதிவிட்டுப் போகிறார்கள் என்று பூரித்தார்.

அந்தக் கடைசி வருஷப் பெண் படிப்பை முடித்துவிட்டுப் போயிருந்தாள். ஒருநாள் எடுத்த புத்தகங்களைத் திருப்பித் தர வந்தாள். எங்கேயோ வேலைக்கு நேர்முகம் போனாளாம். பட்டத்தை வாங்கிப் பார்த்தவர், அதில் அங்கீகாரம் என்று போட்டிருந்த பேரவையின் பெயரை ஒரு பட்டியலில் மேலிருந்து கீழ்வரை தேடிவிட்டு, தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். மூன்று வருஷம். இருநூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள் எடுத்தவள். அவள் பெயர் பதிவேட்டில் பக்கம் பக்கமாக இருக்கிறது. லைப்ரரியம்மா அவள் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். புறப்படும்போது அந்தப் பெண் கதை அலமாரிப் பக்கம் போய்விட்டுத்தான் போனாள்.

மாலையில் நூலகத்தைப் பூட்டும் முன் அவள் அந்தச் சட்டத்தைத் துடைக்கப் போனாள். நானும், நானும், நானும் என்று வரிசையாக இறங்கிக்கொண்டே வந்த எழுத்துகளுக்கு அடியில், இடது பக்கம் சாய்ந்த கையெழுத்தில் ஒரு வரி புதிதாக இருந்தது.

'நான் இங்கே அழுதேன்.'

தாளாளர் அனுப்பிய ரப்பர்கள் இரண்டும் மேஜை இழுப்பறையில் புதிதாகவே கிடந்தன. அவள் இழுப்பறையைத் திறக்கவில்லை. பென்சில் முனை மழுங்கியிருந்ததைப் பார்த்துச் சீவி, பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, விளக்கை அணைத்தாள்.